ஒரு நாள் கையில் இருந்தால்: தஞ்சாவூரா, கங்கைகொண்டசோழபுரமா?

கோயம்புத்தூரிலிருந்து சித்தி போன் செய்திருந்தார். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், மறுநாள் ராத்திரிதான் ரயில், நடுவில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. கூடவே மகள், மாப்பிள்ளை, ஏழும் பத்தும் வயதில் இரண்டு பேரப்பிள்ளைகள். "பசங்களுக்கு சோழர் தலைநகரத்தைக் காட்டணும்டா. தஞ்சாவூர் போகட்டுமா, அந்தக் கங்கைகொண்டசோழபுரம் போகட்டுமா?" என்றார்.

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து தடவை எனக்கு வருகிறது. நான் டெல்டாக்காரன், இரண்டு இடத்துக்கும் பலமுறை போயிருக்கிறேன் என்பதால் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனசு வருவதில்லை. இரண்டுமே சோழர் தலைநகரம்தான். இரண்டிலும் பெரிய சிவன் கோயில், இரண்டிலும் சுவாமிக்கு ஒரே பெயர். ஆனால் அங்கே போய் நிற்கும்போது மனதுக்குக் கிடைப்பது வேறு வேறு.

முதலில் பின்கதை. 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலய சோழன் முத்தரையரிடமிருந்து தஞ்சாவூரைப் பிடித்தான். அப்புறம் சுமார் 170 வருடம் சோழர்களுக்கு அதுதான் தலைநகர். ராஜராஜன் அங்கே பெரிய கோயிலைக் கட்டி 1010-இல் முடித்தான். அவன் மகன் ராஜேந்திரன் கங்கைக்கரை வரை படை அனுப்பினான். அந்த வெற்றிக்குப் பிறகு, 1025-ஐ ஒட்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே புதிதாக ஒரு நகரத்தை எழுப்பி, அதற்குக் கங்கைகொண்டசோழபுரம் என்று பெயர் வைத்துத் தலைநகரை அங்கே கொண்டுபோனான். சோழர் ஆட்சி 1279-இல் முடியும் வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு, அதுவே தலைநகர். வருஷக் கணக்கில் பார்த்தால் தஞ்சாவூரைவிட அதிக காலம் சோழர் தலைநகராக இருந்தது கங்கைகொண்டசோழபுரம்தான். நம்மில் பலர் அதை யோசித்தே பார்ப்பதில்லை.

"ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துட்டா என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். சென்னையிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு காலையில் தஞ்சாவூர், வழியில் தாராசுரம், அப்புறம் கங்கைகொண்டசோழபுரம் என்று திட்டம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கங்கைகொண்டசோழபுரம் ஒரு 35. ஆனால் கோயில் நடை மத்தியானம் சாத்துவார்கள் என்பதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சன்னதி சாத்தியாயிற்று, மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நண்பரின் அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை. ராஜேந்திரன் கோயிலை மரத்தடியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். காலையில் தஞ்சாவூரில் ஒன்றரை மணி நேரத்தில் ஓடி முடித்ததும் சேர்ந்து, அந்த நாளில் எதையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, ஒரு நாள் என்றால் ஒரு தலைநகர்.

எது என்பதுதான் கேள்வி.

தஞ்சாவூர் பக்கம் இருக்கும் முதல் பலம், அது இன்னும் ஊராக இருப்பது. பாண்டியர் படையெடுப்பில் தஞ்சாவூரும் எரிந்தது; மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டில் வரும் அரசனின் புகழுரையே, தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) தீக்கிரையாக்கியதைப் பெருமையாகச் சொல்கிறது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் வந்து அதை மறுபடி தலைநகராக்கினார்கள். 1676-இலிருந்து மராட்டியர்கள். கடைசி மராட்டிய மன்னர் 1855-இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஒரே ஊரில் பல அரச மரபுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பெரிய கோயிலுக்குள்ளேயே அதைப் பார்க்கலாம். விமானம் சோழருடையது. அம்மன் சன்னதி பாண்டியர் காலம். பெரிய நந்தியும் அதன் மண்டபமும், நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட முருகன் சன்னதியும் நாயக்கர் காலம். தென்மேற்கு மூலைச் சுவரில் 1803-இல் வெட்டிய மராட்டிக் கல்வெட்டு, மராட்டிய மன்னர்களின் போன்சலே வம்சத்தின் வரலாற்றைச் சொல்கிறது. கேரளாந்தகன் வாயிலில் நுழைந்து ராஜராஜன் வாயிலைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் எல்லார் கண்ணும் மேலே போய்விடும். சுமார் 60 மீட்டர் உயரம், 13 நிலை, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகச் சரியும் பக்கங்கள். அந்த முதல் பார்வைக்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. நூறு தடவை போனாலும் அந்த இடத்தில் நடை தானாக நின்றுவிடுகிறது.

ஆனால் அண்ணாந்து பார்த்த கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். விமானத்தின் அடிப்பகுதி முழுக்கக் கல்வெட்டு. நாம் கொடுத்தவையும், நம் அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் கல்லில் வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்னதை அங்கே வெட்டியிருக்கிறார்கள். தனக்கு அடுத்தபடியாக அக்கா குந்தவையைச் சொல்கிறான், மனைவியர் அதற்குப் பிறகுதான். ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த செப்புக் குடம் கொடுத்ததும் கல்வெட்டில் இருக்கிறது. பல இடங்களிலிருந்து அழைத்துவந்த தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், 400 பேரின் பெயர்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை பதிவாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த 400 ஆட்டக்காரிகளின் பெயரும் வீட்டு முகவரியும் உலகத்தில் வேறு எத்தனை ஊரில் கிடைக்கும்?

அந்த எழுத்துகளைப் பயப்படாமல் உற்றுப் பாருங்கள். நம் தமிழ்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, சில எழுத்து உருவம் மாறியிருக்கும். ஆனால் ட, ப, ம, க போன்றவற்றைக் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துவிடலாம். பத்து நிமிஷம் நின்றால் ஒரு சொல்லாவது வசப்படும். என் மகள் ஏழு வயதில் ஒரு வரியில் விரலைக் காற்றில் ஓட்டிக்கொண்டே போய் 'உடையார்' என்று படித்தாள். அன்றைக்கு அவளுக்குக் கோயிலில் நினைவு நின்றது அது ஒன்றுதான். எனக்கும்தான்.

இங்கே ஏமாற்றம் தரக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கருவறையைச் சுற்றிய உள்பாதையில் இருக்கும் சோழர் ஓவியங்களும், அதற்கு மேல் தளத்தில் இருக்கும் 81 கரணச் (நடன நிலை) சிற்பங்களும் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியத்தை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதன் படங்களைப் புத்தகங்களில் பார்த்துவிட்டு நேரில் பார்க்கும் ஆசையோடு வருபவர்கள் நகலைப் பார்த்துத்தான் திருப்திப்பட வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் மூடியிருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொன்று, விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்று யாராவது சொல்வார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது, காலையிலோ மாலையிலோ போனால் நீங்களே பார்க்கலாம். உச்சிச் சிகரம் பல கற்களைப் பொருத்திச் செய்தது. இந்தக் கதைகள் இல்லாமலே அந்தக் கோயில் பெரியது. குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லிக் காட்டினால் அவர்கள் வியப்பு குறையப்போவதில்லை.

தஞ்சாவூருக்கு நான் இன்னும் ஒரு படி கூடுதல் மதிப்பெண் கொடுப்பது அரண்மனை வளாகத்துக்காக. கோயில் நடை சாத்தியிருக்கும் மத்தியான நேரத்தை வீணாக்காமல் கழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரித்துக் கட்டிய அரண்மனை. அதன் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டுத் திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம் (காளையோடு நிற்கும் சிவன்) மட்டுமாவது போய் நில்லுங்கள். 1011-இல் செய்தது, அதாவது பெரிய கோயில் முடிந்த மறு வருஷம். பக்கத்தில் இருக்கும் அம்மன் 1012. ஒரு காலைக் குறுக்கே வைத்து, சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, ஒரு கையை மடக்கிக் காளையின் மேல் ஊன்றியபடி நிற்கிறார் சிவன். காளை இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் அதற்குக் கீழே காளை இருப்பது தெரிகிறது. முழங்கை இறங்கியிருக்கும் விதத்தில், இடுப்பு ஒருபக்கம் சாய்ந்திருக்கும் விதத்தில் அந்தக் காளையின் உயரத்தைக் கூடச் சொல்லிவிடலாம். முதல் தடவை பார்த்தபோது நான் என்னை அறியாமல் அதே மாதிரி கையை மடக்கி நின்று பார்த்தேன்.

சரஸ்வதி மகால் நூலகமும் அதே வளாகம்தான். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்த ஓலைச்சுவடிகளும் நூல்களும். அவர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள்கூட, நோயாளியின் கண்ணை வரைந்த படங்களோடு, அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. பார்வையாளர்களுக்குச் சிறு அருங்காட்சியகம் திறந்திருக்கும். வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட், விடுமுறை நாளும் ஒன்றுபோல் இருக்காது. கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு போவது உத்தமம். தர்பார் மண்டபத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

தஞ்சாவூரின் சிரமம் கூட்டம். சனி, ஞாயிறு, பள்ளிச் சுற்றுலாக் காலம், பிரதோஷம் ஆகிய நாட்களில் நிதானமாக எதையும் பார்க்க முடியாது. பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகம் பார்ப்பது தனி அனுபவம், சரி. ஆனால் கல்வெட்டுப் படிக்கப் போகிறவர்களுக்கு அது நாள் இல்லை. முற்றத்தின் கல் தரையும் பத்து மணிக்கு மேல் கொதிக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவதால் குழந்தைகள் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இனி கங்கைகொண்டசோழபுரம்.

கும்பகோணத்திலிருந்து போனால் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். அங்கே காரை ஓரமாக நிறுத்தி ஒரு நிமிஷம் பாருங்கள் என்று சொல்வேன். 1836-இல் ஆங்கிலேயர் கட்டிய கீழணை. அதற்குக் கல் வேண்டியிருந்தபோது ராஜேந்திரன் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்து எடுத்து வந்து போட்டார்கள். கோயிலின் ஒரு பகுதியை இங்கேயே, ஆற்றுக்குள்ளே பார்த்துவிட்டுத்தான் நாம் கோயிலுக்குப் போகிறோம். இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே சிதைந்து நிற்கும் வாயிலைப் பார்க்கும்போது மனம் வேறு மாதிரி இருக்கும்.

கோயில் 1035 வாக்கில் முடிந்தது என்பது யுனெஸ்கோ குறிப்பு. விமானம் 53 மீட்டர், ஒன்பது நிலை. அப்பாவின் கோயிலைவிட உயரம் குறைவு. வேண்டுமென்றே மரியாதைக்குக் குறைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தைவிட அதன் உருவம்தான் முக்கியம். தஞ்சாவூர் விமானம் நேர்கோடு. இது வளைவு. களத்தில் தூற்றிக் குவித்த நெல் அடியில் அகன்று மேலே மெலிந்து போகுமே, அந்த மாதிரி உள்வாங்கி ஏறுகிறது. மூலைகளை மழித்துவிட்டதால் மேலே போகப் போக எட்டுப் பட்டையாகத் தெரியும். புல்வெளி நடுவே நிற்பதால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போய் முழுதாகப் பார்க்கலாம். மகன் அப்பாவுக்குப் பதில் சொல்லியிருக்கிறான் என்று தோன்றும். அதனால்தான் இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் தஞ்சாவூரை முதலில் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். கேள்வி தெரியாமல் பதிலைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

சிற்பத்தில் ராஜேந்திரன் கோயிலே ஒரு படி மேலே என்பது என் முடிவு. வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரகமூர்த்தி இருக்கிறார். சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்க, கீழே அவர்களின் அடியாரான சண்டேசர் கைகூப்பித் தலை குனிந்திருக்கிறார். சிவன் குனிந்து அவர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார், பரிவட்டம் கட்டுவது மாதிரி. மாலையைச் சுற்றும் அந்த விரல்களில் ஒரு தகப்பனின் கவனம் இருக்கிறது. குழந்தைக்குத் தலை வாரிவிடும்போது நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்கிறார் சிவன். குனிந்திருப்பது ராஜேந்திரனே என்று பலர் சொல்வதுண்டு. அது எப்படி இருந்தாலும் சரி, கங்கை வரை வென்ற ஒருவன் தன் கோயிலில் இந்தக் காட்சியை இவ்வளவு பெரிதாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அதே வாசலின் எதிர்ப்பக்கம் ஞான சரஸ்வதி. தெற்குச் சுவரில் ஆடும் நடராஜரின் காலடியில் காரைக்கால் அம்மையார், எலும்பு தெரிய உட்கார்ந்து தாளம் போடுகிறார். உள்ளே சூரியனை நடுவில் வைத்து ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகம். வெளியே சிங்க வாயில் நுழைந்து இறங்கும் சிம்மக்கிணறு. பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

இதெல்லாம் கோயில். தலைநகரம் எங்கே?

கோயிலிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் மாளிகைமேடு. அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்களின் அடிவரிசைதான் ராஜேந்திரனின் அரண்மனை. கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்த இடம். கடல் தாண்டி மலாய் நாட்டுக் கடாரம் வரை கப்பல் அனுப்பியவன் வீட்டில் சீனத்துப் பாத்திரம் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தத் துண்டுகள் இந்த வயல்காட்டு மண்ணிலிருந்து வந்தன என்று நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. பார்க்க இருப்பது முழங்கால் உயரச் செங்கல் வரிசைகள்தான். அரண்மனை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

நகரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஊர்ப் பலகைகளைப் படியுங்கள். உட்கோட்டை. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். சுண்ணாம்புக்குழி. யுத்தபள்ளம். வாணதிரையன்பட்டினம். கோட்டை இருந்த இடம், படைக்கலம் வைத்த இடம், மெய்க்காவலர் குடியிருந்த இடம், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அரைத்த இடம். கட்டடங்கள் போய்விட்டன. பெயர்களை மட்டும் அங்கே இருக்கும் மக்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். பஸ் கண்டக்டர் சாதாரணமாக "ஆயுதக்களம் இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியில்தான் நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கல்லில் இருப்பதைவிட வாயில் இருப்பது கெட்டியாக நின்ற ஊர் இது.

அப்புறம் சோழகங்கம். இப்போது பொன்னேரி என்பார்கள். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி, நீரால் ஆன வெற்றித்தூண் என்று வெட்டிய ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அப்படித்தான் சொல்கிறது. உலகத்தில் ராஜாக்கள் வெற்றிக்குக் கல்தூண் நட்டிருக்கிறார்கள், வளைவு கட்டியிருக்கிறார்கள். வெற்றிக்கு ஏரி வெட்டியவன் எங்கள் பக்கத்து ராஜா என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. மழைக்காலத்துக்குப் பிறகு, தை மாதத்தில் போனால் கரையில் ஏறி நின்று பார்க்கலாம். கோடையில் போகாதீர்கள், காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

இங்கே சிரமம் என்ன? வசதிகள் குறைவு. கோயில் வாசலில் சில கடைகள் உண்டு, அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெயங்கொண்டமோ கும்பகோணமோ போவதே நல்லது. மாளிகைமேட்டுக்கும் ஏரிக்கும் போகச் சொந்த வண்டியோ வாடகைக் காரோ வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்கள் கோயிலோடு திரும்ப வேண்டியதுதான். கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்களும், திருச்சிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களும் கோயில் பக்கமாகப் போகும். தஞ்சாவூர் அப்படியில்லை. ரயிலை விட்டு இறங்கினால் கோயில் ஆட்டோ தூரம், கோயிலிலிருந்து அரண்மனையும் ஆட்டோ தூரம், நடுவில் ஹோட்டல்கள். வண்டி இல்லாதவர்கள், வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் இதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று மட்டும் இங்கே நிலைமை தலைகீழ். சுமார் 13 அடி உயர லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்வார்கள். சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் வந்துவிடும். ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரைக்கும் அப்படித்தான். பக்திக்காகப் போகிறவர்கள் அந்த நாட்களில் போங்கள், சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் வேறு நாளில் போங்கள்.

மூன்றாவதாகத் தாராசுரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சோழர்களின் இன்னொரு அரண்மனை நகரமான பழையாறையை ஒட்டிய இடம், கும்பகோணத்திலிருந்து 4 கிலோமீட்டர்தான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, விமானம் 24 மீட்டர். இங்கே உயரத்துக்காக யாரும் வருவதில்லை, நுணுக்கத்துக்காக வருகிறார்கள். குதிரை பூட்டிய தேர் மாதிரி மண்டபம், காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம், கருவறைச் சுவரைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகள் உள்ளங்கை அகலச் சிற்பங்களாக. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் இடம். எல்லாம் அவர்கள் கண் உயரத்திலேயே இருக்கிறது. ஆனால் தலைநகரம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது மட்டும் போதாது, கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, முடிவு. சோழ நாட்டுக்கே முதல் தடவை வருகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், தஞ்சாவூர். அதுவும் ஒரே நாளில் கோயிலுக்கு இரண்டு முறை போங்கள். காலை ஆறரைக்குப் போய் ஒன்பது வரை கல்வெட்டையும் சிற்பத்தையும் பாருங்கள், தரை குளிர்ந்திருக்கும். பத்திலிருந்து ஒரு மணி வரை அரண்மனை. சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு மறுபடி கோயில். இரண்டாம் தடவை எதையும் தேடாதீர்கள். முற்றத்தில் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து வெளிச்சம் விமானத்தில் இறங்குவதைப் பாருங்கள். அது ஆயிரம் வருஷமாக ஊர் மக்கள் புழங்கும் கோயில் என்பது அப்போதுதான் தெரியும்.

தஞ்சாவூரை எப்போதாவது ஒரு தடவை பார்த்தவர், பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருந்தாலும் சரி, இந்தத் தடவை கங்கைகொண்டசோழபுரம் போங்கள். இங்கே என் சாய்வை மறைக்கவில்லை. தஞ்சாவூருக்குத் திரும்பத் திரும்பப் போக எத்தனையோ காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். கல்யாணம், வேலை, திருவையாற்று உற்சவம் என்று எதற்காவது அந்தப் பக்கம் வருவோம். கங்கைகொண்டசோழபுரத்துக்கு அதற்கென்றே கிளம்பினால்தான் உண்டு. கும்பகோணத்தில் தங்குங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி ஏழரைக்குக் கோயிலில் இருங்கள். பத்து மணிக்கு மாளிகைமேடு, பிறகு ஏரிக்கரை, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். மாலை நாலு மணிக்குத் தாராசுரம். பெட்டியை நிரப்பிவிட்டு ரயிலுக்குப் போக நேரம் சரியாக இருக்கும்.

கட்டடமாக நின்றால்தான் அது தலைநகர், அரண்மனை என்றால் கூரையும் தூணும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இந்த இரண்டாவது திட்டம் ஒத்துவராது. அவர்கள் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் தஞ்சாவூரே போகலாம், இன்னும் பார்க்காதது அங்கே மிச்சம் இருக்கும்.

சித்தி தஞ்சாவூரைப் பார்த்துவிட்டவர். மாப்பிள்ளையும் கல்லூரி நாட்களில் பார்த்தாயிற்று. பிள்ளைகள்தான் பார்த்ததில்லை. அவர்களுக்காகத் தயங்கினேன். கேள்வியைப் பார்க்காமல் பதிலைப் பார்ப்பார்களே என்று. கடைசியில், கும்பகோணத்திலேயே இருப்பதாலும், கையில் வண்டி இருப்பதாலும், மாலையில் தாராசுரம் பிள்ளைகளுக்கு ஈடுகட்டிவிடும் என்பதாலும் கங்கைகொண்டசோழபுரமே சொன்னேன். பொங்கல் லீவில் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அன்றைக்குப் பத்தரை மணிக்குப் போன் வந்தது. காற்றுச் சத்தம், பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம்.

"மாளிகைமேட்டுக்கு வந்துட்டோம்டா. இங்க வெறும் செங்கல்தான் இருக்கு. அரண்மனை எந்தப் பக்கம்?"

"நீங்க நிக்கிற இடம்தான் சித்தி."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் போனைக் கையால் மூடாமலே பேரனிடம் சொன்னார்: "கண்ணா, அந்தச் சுவர் மேல ஏறாதடா, இறங்கு. அது ராஜா வீடு."